தூசிக்கு ஒரு வழி

சப்பாத்தின் அடியை யாரும் பார்ப்பதில்லை என்று சொல்கிறவர்கள், தேவாலயத்தில் பின்வாங்கில் இருந்து கலியாணம் பார்க்காதவர்கள். மாப்பிள்ளை பலிபீடத்துக்கு முன்னால் முழந்தாளிட்டதும் அவருடைய இரண்டு அடித்தோலும் சபை முழுவதற்கும் காட்சிக்கு வந்துவிடும். கொள்ளுப்பிட்டி பொல்வத்தையில் சென் மைக்கல் தேவாலயம் இருக்கிறது. அங்கே கலியாணம் வைத்த வீட்டுக்காரர் எங்கள் கடைக்குச் சப்பாத்தை அனுப்பும்போது, "இது முழங்காலில நிக்கிற சப்பாத்து" என்று சொல்லி அனுப்புவார்கள். எங்களுக்கு விளங்கும். குதிக்கும் முன்பாதத்துக்கும் நடுவில், நிலத்தில் படாத ஓர் இடுப்பு இருக்கிறதே, அதற்குக் கறுப்பு மையும் மெழுகும் இரண்டு மடங்கு. நிலத்தில் படுகிற பகுதியின் மினுக்கம் வாசலிலிருந்து கார்வரை நடந்தாலே போய்விடும். அந்தப் பத்தடி மினுக்கத்துக்காக எங்கள் பட்டறையில் எட்டடி நீளத்தில் ஓர் இரும்பு மெசின் நின்றது.

1970களின் தொடக்கத்தில் நான் அங்கே வேலைக்குச் சேர்ந்தேன். காலி வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்குகிற ஒழுங்கைகளில் ஒன்று. முன்னால் கண்ணாடி அலுமாரி, பின்னால் தகரம் போட்ட பட்டறை, அதற்குப் பின்னால் மதில், மதிலுக்கு அப்பால் ரயில் பாதை, அதற்கும் அப்பால் கடல். என் வீடு கொட்டாஞ்சேனையில். மட்டக்குளியில் தோல் பொருட்கள் கூட்டுத்தாபனத்தின் பக்கமிருந்து காற்றடித்தால் பதனிடுகிற தோலின் வாடை எங்கள் வீட்டுக்கும் வரும். ஆகையால் தோல் வாடை எனக்குப் புதிதில்லை. புதிதாக இருந்தவை சத்தமும் தூசியும்.

மெசின் வெள்ளைக்காரர் காலத்தில் வாங்கியது. செய்த கொம்பனியின் பெயர்த் தகட்டின் மேல் யாரோ பச்சைப் பெயின்ற் அடித்திருந்தார்கள். ஒரே ஒரு நீளமான ஷாஃப்ட். அதன் இடது முனையில் அடித்தோலின் ஓரத்தைச் சீவுகிற வெட்டி. அடுத்து அரத்தாள் சுற்றிய இரண்டு சக்கரங்கள், ஒன்று ஓரத்துக்கு, ஒன்று குதிக்கு. அதற்கடுத்து ஒரு சின்ன உருண்டைத் தலை. அதற்கு 'நோம்கீக்' என்று பெயர். பெரிய சக்கரம் நுழையாத இடுப்புக்குள் போய்த் தேய்ப்பது அதுதான். பிறகு பன்றிமயிர் புருசுகள்: கறுப்புக்கு ஒன்று, மண்ணிறத்துக்கு ஒன்று, நிறமில்லாத மெழுகுக்கு ஒன்று. புதிதாக அடித்தோல் போட்ட சப்பாத்து இடது பக்கத்தில் தொடங்கி வலது பக்கத்தில் முடியும். சீவு, தேய், ஈரத்துணியால் தடவு, மை போடு, சூடான இரும்பை ஓரத்தில் இழு, மெழுகேற்று, புருசில் பிடி. சொல்லும்போது ஒரு மூச்சில் முடிகிறது. கை பழக வருடங்கள் எடுக்கும்.

அந்த மெசினின் முன் நின்றவரை எல்லாரும் மாஸ்டர் என்றுதான் அழைத்தோம். மலைநாட்டில் பிறந்து, சின்ன வயதிலேயே கொழும்புக்கு வந்து, ஆமர் வீதிப் பக்கம் நடைபாதையில் உட்கார்ந்து தைத்துத் தொழில் பழகியவர். முதலாளி யாழ்ப்பாணத்தவர். கணக்குப் புத்தகத்தை விட்டு எழும்ப மாட்டார். ஆனால் சத்தத்தில் சின்ன மாற்றம் வந்தாலும் உள்ளேயிருந்தே கேட்பார்: "தம்பி, உதென்ன சத்தம்?"

மெசினில் ஒரு பிழை இருந்தது. அது பழுது இல்லை, பிறவிக் குணம். ஒரே ஷாஃப்ட் என்பதால் எல்லாவற்றுக்கும் ஒரே சுழற்சி. எங்கள் மோட்டர் நிமிடத்துக்கு ஏறக்குறைய 1440 சுற்று. ஷாஃப்டும் அதே. ஆறு அங்குலச் சக்கரம் அந்தச் சுற்றில் ஓடினால் அதன் விளிம்பு வினாடிக்குப் பதினொரு மீற்றருக்கு மேல் போகும். பதமான கைக்கு, காய்ந்த தோலுக்கு, அது சரிவரும். ஓரம் சீவுகிற வெட்டிக்கு அது போதவே போதாது. இன்னும் பல மடங்கு வேகமாக ஓடினால்தான் தோலைக் கிழிக்காமல் வெட்டும். புருசுக்கோ அந்த வேகம் மிக அதிகம். மெழுகைத் தோலில் ஏற்றுவதற்குப் பதிலாகச் சுவரில் ஏற்றும். பட்டறைச் சுவரில் இடுப்பளவு உயரத்தில் ஒரு மெழுகுப் பட்டை எப்போதும் மினுங்கிக்கொண்டிருந்தது.

வேகத்தால் வந்த உண்மையான வில்லங்கம் கிறேப் அடிகள்தான். அந்தக் காலம் இறக்குமதிக் கட்டுப்பாட்டுக் காலம். பாணுக்கு வரிசை, துணிக்கு வரிசை. வெளிநாட்டு அடித்தோலும் செயற்கை அடித்தகடும் வருவது குறைந்துபோனது. கையில் கிடைத்தது எங்கள் நாட்டு இறப்பர். 1876இல் லண்டன் கியூ தோட்டத்திலிருந்து வந்த கன்றுகளை ஹெனரத்கொடையில் நட்டதோடு தொடங்கிய கதை அது. களுத்துறை, களனிப் பள்ளத்தாக்குத் தோட்டங்களில் பாலை உறைய வைத்து, மெல்லிய தகடுகளாக இழுத்து, உலர்த்தி, ஒன்றன்மேல் ஒன்றாகப் பல தகடுகளை அடுக்கி, கையால் உருளை ஓட்டி ஒட்ட வைத்துத்தான் கிறேப் அடித்தகடு செய்வார்கள். உலகச் சந்தையில் அதற்கு இலங்கைதான் பெயர் போன இடம். 1950இல் இங்கிலாந்தின் கிளாக்ஸ் கொம்பனி விற்கத் தொடங்கிய பாலைவனச் சப்பாத்தின் அடியும் கிறேப்தான். உள்ளூரில் அதைக் கண்டுகொள்ளாமல் இருந்தோம், வேறு எதுவும் கிடைக்காமல் போகும்வரை.

கிறேப், வல்கனைஸ் செய்யாத பச்சை இறப்பர். சூடு பட்டால் இளகும். அதை எங்கள் ஆங்கிலேய மெசினில் பிடித்தால் ஒரு கணம் தேயும், மறுகணம் உருகி அரத்தாளில் அப்பிக்கொள்ளும். அப்பிய இடம் வழுக்கும், வழுக்கினால் இன்னும் சூடாகும். இரண்டு சோடி முடிவதற்குள் ஒரு அரத்தாள் பட்டி வீண். அரத்தாளோ அப்போது தங்கம் விற்ற விலை. முதலாளி கிறேப் வேலையே வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தார். மாஸ்டர் கேட்கவில்லை. "இங்க விளையிறதை இங்கயே தேய்க்க முடியாதுன்னா, அது மெசின் குத்தமுங்க ஐயா" என்றார்.

அவர் செய்த முதல் வேலை கணக்கு. பள்ளிக்கூடம் அதிகம் போகாதவர். ஆனால் கப்பிக் கணக்கு விரல் நுனியில் இருந்தது. நாலு அங்குலக் கப்பியிலிருந்து எட்டு அங்குலக் கப்பிக்குப் பெல்ட் போட்டால் சுற்றுப் பாதியாகும். ஆனால் பிரதான ஷாஃப்டையே மெதுவாக்கினால் வெட்டி செத்துப்போகும். ஆகவே மெசினின் வலது முனையில் தனியாக ஒரு குட்டி ஷாஃப்ட் வேண்டும் என்று முடிவு செய்தார். பஞ்சிகாவத்தையில் கடைசல் வேலை செய்கிற சிங்கள பாஸ் ஒருவரிடம் என்னையும் கூட்டிக்கொண்டு போனார். பழைய மோட்டர் வண்டியிலிருந்து ஒரு தண்டு, பலா மரத்தில் கடைந்த ஒரு எட்டு அங்குலக் கப்பி. புது ஷாஃப்ட் 720 சுற்றில் ஓடியது. ஆறு அங்குலச் சக்கரத்தின் விளிம்பு இப்போது வினாடிக்கு ஆறு மீற்றருக்கும் குறைவு. புருசுகளையும் அந்தப் பக்கத்துக்கே மாற்றினார். சுவரில் மெழுகு ஏறுவது நின்றது.

கிறேப் அப்போதும் முற்றாக வசப்படவில்லை. பாஸ்தான் அடுத்த யோசனையைச் சொன்னார். மரச்சக்கரத்தின் முகத்தில் சாய்வாகப் பள்ளங்கள் வெட்டு; அரத்தாள் முழுதாக அழுத்தாமல் விட்டுவிட்டு அழுத்தும்; இடையில் காற்றுப் படும். வெட்டினோம். கரடுமுரடான அரத்தாள் சுற்றி, மேலே வெண்கட்டித் தூள் தட்டி, ஓரத்தை முதலில் ஈரக் கத்தியால் சீவிவிட்டு மிச்சத்தை மட்டும் சக்கரத்தில் பிடித்தால், கிறேப் மாவாக உதிர்ந்தது. உருகவில்லை. மாஸ்டர் அந்த மாவைக் கையில் அள்ளி முதலாளிக்குக் கொண்டுபோய்க் காட்டினார். முதலாளி மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் பார்த்துவிட்டு, "சரி, ஓடர் எடுப்பம்" என்று மட்டும் சொன்னார்.

அடுத்தது மெத்தை. அரத்தாளுக்கும் மரத்துக்கும் நடுவில் கம்பளி ஃபெல்ட் இருந்தால்தான் சக்கரம் அடித்தோலின் வளைவுக்கு விட்டுக்கொடுக்கும். இல்லாவிட்டால் தட்டை தட்டையாகத் தேய்த்து, மை போட்டதும் வரி வரியாகக் காட்டிக் கொடுக்கும். ஃபெல்ட் இறக்குமதி இல்லை. மாஸ்டர் தேய்ந்த பாட்டாச் செருப்புகளைச் சேர்த்தார். ஒழுங்கையில் இருந்த வீடுகளுக்கெல்லாம் சொல்லி வைத்திருந்ததால் பிள்ளைகள் ஐந்து சதத்துக்கு ஒரு செருப்புக் கொண்டுவந்து தருவார்கள். குதிப் பக்கம் தேய்ந்திருக்கும், விரல் பக்கம் இன்னும் மெத்தென்று இருக்கும். அந்தப் பகுதியை மட்டும் வெட்டி, பசை போட்டுச் சக்கரத்தைச் சுற்றி ஒட்டினார். நோம்கீக் தலைக்கும் அதேதான். ஃபெல்டைவிட நன்றாக வேலை செய்தது என்று இன்றைக்கும் சொல்வேன். ஃபெல்ட் நனைந்தால் கட்டியாகும், செருப்பு ஆகாது. கடற்கரை ஈரத்தில் இது சின்ன விசயம் இல்லை.

இதெல்லாம் செய்ய முடிந்ததற்குக் காரணம் மெசின் எங்களுடையது என்பதுதான். பிற்காலத்தில் இந்தத் தொழிலின் சரித்திரத்தை வாசித்தபோது தெரிந்தது: அமெரிக்காவில் 1899இல் உருவான யுனைடெட் ஷூ மெஷினரி கொம்பனி தன் முக்கியமான மெசின்களை யாருக்கும் விற்கவே இல்லை, வாடகைக்கு மட்டும் கொடுத்தது. அதே வருடம் இங்கிலாந்தில் லெஸ்டர் நகரிலும் அதன் கிளை வந்தது. பத்து வருட ஒப்பந்தம். பழுது வந்தால் கொம்பனியின் ஆளே வந்து பார்ப்பான். 1953இல் அமெரிக்க நீதிமன்றம் ஒன்று இது வியாபாரத்தை முடக்குகிற காரியம் என்று தீர்ப்புச் சொல்லி, விற்கவும் வேண்டும் என்று கட்டளையிட்டது. வாடகை மெசினில் ஓட்டை போட யாருக்குத் துணிவு வரும்? மாஸ்டருக்கு வந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அடுத்த நாள் வேலை போயிருக்கும். சப்பாத்தின் மேற்தோலை அச்சுக்கட்டையில் இழுத்துப் பிடிக்கிற மெசினை 1883இல் பதிவுசெய்த யான் மட்ஸெலிகர், சூரினாமிலிருந்து போன கறுப்பு மனிதர், லின் நகரத்துத் தொழிற்சாலையில் அடித்தோல் தைக்கிற மெசினில் கூலிக்கு நின்றவர்தான். மெசினின் குற்றம் அதன் முன்னால் நிற்கிறவனுக்குத்தான் முதலில் தெரிகிறது.

மாஸ்டருக்கு முதலில் தெரிந்த குற்றம் தூசி. நான் அதைக் கடைசியில் சொல்வதற்குக் காரணம், கடையிலும் அது கடைசியில்தான் வந்தது. கிறேப்புக்கு ஓடர் வந்தது, மெத்தையால் மினுக்கம் கூடியது, அவற்றுக்கெல்லாம் முதலாளி காசு கொடுத்தார். தூசி யாருடைய ஓடரிலும் இல்லை. மெசினின் அடியில் இரண்டு வட்டத் துளைகள் இருந்தன. தகரத் துண்டு வைத்து ஆணியடித்து மூடியிருந்தார்கள். செய்தவர்கள் அங்கே காற்றாடியும் குழாயும் வைத்துத்தான் அனுப்பியிருக்கிறார்கள். நான் வருவதற்கு முன்பே காற்றாடி கழன்று எங்கோ போய்விட்டது. "பின்கதவைத் திறந்து வையுங்கோ, கடல்காத்து வருந்தானே" என்பது முதலாளியின் வைத்தியம். கடல்காற்று வரத்தான் செய்தது. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் அது தூசியை வெளியே கொண்டுபோகாமல் எங்கள் முகத்தில் அள்ளி அடித்துவிட்டு, கண்ணாடி அலுமாரிவரை போய் நின்றது. அதோடு உப்பு. சனிக்கிழமை மாலையில் மண்ணெண்ணெயும் தேங்காயெண்ணெயும் கலந்து மெசின் முழுவதையும் துடைக்காவிட்டால் திங்கட்கிழமை துரு.

மாஸ்டர் வாயிலும் மூக்கிலும் லேஞ்சியைக் கட்டிக்கொண்டு நிற்பார். பின்னேரம் அவிழ்க்கும்போது உள்பக்கம் தோல் நிறத்தில் ஒரு வட்டம் இருக்கும். சில நாட்களில் அதில் இரத்தமும் இருந்தது. "மூக்குச் சில்லு உடைஞ்சிருக்கு, சூடு" என்று சொல்லித் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொள்வார்.

நாங்கள் அறியாத ஒன்று அப்போதே அச்சில் வந்திருந்தது. இங்கிலாந்தின் சப்பாத்து மாவட்டமான நோர்தம்டன்ஷயரில், சப்பாத்துத் தொழிலாளரிடையே மூக்கினுள் வரும் புற்றுநோய் வழமைக்கு மிஞ்சி இருப்பதை அச்செசன் முதலான வைத்தியர்கள் கண்டு, 1970இல் பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையில் எழுதினார்கள். நோய் எல்லாத் தொழிலாளருக்கும் சமமாக வரவில்லை. தூசி பறக்கிற பிரிவுகளில் நின்றவர்களுக்கே பெரும்பாலும் வந்திருந்தது. அடியைச் சீவித் தேய்த்து முடிக்கிற அறை அவற்றில் ஒன்று. இன்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகவர் நிலையம் தோல் தூசியை முதலாம் தொகுதியில், நிச்சயமாகப் புற்றுநோய் தருபவற்றின் வரிசையில் வைத்திருக்கிறது. மாஸ்டருக்கு அந்த நோய் இருந்ததாக நான் சொல்லவில்லை. அவரை எந்த வைத்தியரும் பார்த்ததில்லை.

கடைசியில் காற்றாடியை அவர் தன் காசில் செய்தார். பாஸ் தகடு வெட்டி இறக்கைகள் செய்து கொடுத்தார், கூலி வாங்கவில்லை. சக்கரங்களுக்குப் பின்னால் மூடிகள், மலிபன் பிஸ்கட் தகரங்களை வெட்டியவை. பீலிக் குழாய் ஒன்று மதில்வரை. முனையில் கோதுமை மாச் சாக்கு. சாக்கு நெருக்கமாக இருந்ததால் காற்று வெளியேற முடியாமல் திரும்பி மெசினுக்கே வந்தது. சணல் சாக்குக்கு மாற்றினால் கனத்த தூசி நின்றது, மென்தூசி அடுத்த வீட்டுக் கொடியில் காய்ந்த துணியில் போய்ப் படிந்தது. அந்த வீட்டு அம்மா வந்து சண்டை பிடித்த பிறகு இரண்டையும் ஒன்றாக்கினார்: பெரிய சணல் சாக்குக்குள், பரப்புக் கூடட்டும் என்று மூன்று மாச் சாக்குகளைப் பிரித்துத் தைத்த நீண்ட பை.

அப்புறம் ஒரு நாள் சாக்கு புகைந்தது. குதி ஆணி ஒன்று சக்கரத்தில் உரசி, பொறி குழாய் வழியே போயிருக்கிறது. தோல் தூசி சட்டென்று சுவாலை விட்டு எரியாது. உள்ளுக்குள்ளே கனன்றுகொண்டு கிடக்கும், அதுதான் ஆபத்து. மாஸ்டர் குழாயின் நடுவில் ஒரு மண்ணெண்ணெய்ப் பீப்பாவைச் செருகினார். காற்று பீப்பாவுக்குள் பக்கவாட்டில் நுழைந்து, சுழன்று, மேலே ஏறிப் போகும். பொறியும் கனமான துகளும் கீழே தண்ணீரில் விழும். பெரிய ஆலைகளில் இதே ஏற்பாட்டை இரும்பில் செய்து சைக்கிளோன் என்று பெயர் வைத்திருக்கிறார்கள் என்பது எனக்குப் பின்னால் தெரிந்தது. கண்ணாடி அலுமாரியில் தூசி படிவது பாதியாகக் குறைந்தது. முதலாளி அதைக் கவனித்து, மெசினைப் புதுப்பித்ததற்காக மாஸ்டருக்குக் கூலி கூட்டிக் கொடுத்தார். அவர் கவனித்தது அலுமாரியை.

மாஸ்டர் அதிக காலம் அந்தச் சுத்தமான காற்றை அனுபவிக்கவில்லை. 1964ஆம் ஆண்டுச் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி இந்தியாவுக்குப் போக வேண்டிய ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேரில் அவரும் ஒருவர். கடிதம் வந்தது. தலைமன்னார்க் கப்பலில் போனார். கத்தி, சூட்டு இரும்பு எல்லாவற்றையும் என்னிடம் விட்டுவிட்டு, பலா மரக் கப்பியின் அளவுகளை மட்டும் சிகரெட் பெட்டி மட்டையில் எழுதிக்கொண்டு போனார். போகிற இடத்தில் மெசின் இருக்குமா என்றுகூட அவருக்குத் தெரியாது.

1977க்குப் பிறகு இறக்குமதியைத் திறந்துவிட்டார்கள். அரத்தாள் வந்தது, ஃபெல்ட் வந்தது, தேய்க்கவே தேவையில்லாத சப்பாத்தும் வந்தது. அச்சில் வார்த்த பிவிசி அடி, பொலியூரிதேன் அடி. ஓரம், மினுக்கம், பூ வேலை எல்லாம் அச்சிலேயே முடிந்துவிடும்.

1983 ஆடிக் கலவரத்தில் கடை எரிந்தது. நாங்கள் பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரி அகதி முகாமில் இருந்தோம்; முதலாளி அங்கிருந்து கப்பலில் காங்கேசன்துறைக்குப் போய்விட்டார், திரும்பி வரவில்லை. சில மாதங்களுக்குப் பிறகு நானும் பஞ்சிகாவத்தை பாஸும் போய்ப் பார்த்தோம். தகரக் கூரை மெசின் மேல் படுத்துக் கிடந்தது. புருசு, கப்பி, சாக்கு, மெத்தை, மாஸ்டர் செய்த ஒவ்வொன்றும் போய்விட்டது. வெள்ளைக்காரன் வார்த்த இரும்பு மட்டும் நின்றது. ஷாஃப்ட் உட்காருகிற பேரிங்குகள் வெள்ளை உலோகக் கலவையால் வார்த்தவை. இருநூற்றைம்பது பாகை செல்சியசுக்குள் இளகத் தொடங்கிவிடும். அவை உருகி ஓடி, மெசினின் காலடியில் வெள்ளித் துளிகளாக உறைந்திருந்தன. பாஸ் குனிந்து அதில் ஒன்றைப் பொறுக்கி நிறை பார்த்துவிட்டுச் சொன்னார்: "மல்லி, இதை இனி வார்க்க வேண்டாம். போல் பேரிங் போடுவோம்."

அந்த மெசினுக்குக் கிடைத்த மிகப் பெரிய முன்னேற்றம் அதுதான். பழைய பேரிங்குகளுக்குக் காலையிலும் மத்தியானத்திலும் எண்ணெய் விட வேண்டும். எண்ணெய் கசிந்து தூசியோடு குழைந்து கறுப்புக் களியாகி, வெளிர்நிறத் தோலில் ஒரு சொட்டு விழுந்தால் சோடியே கெட்டது. புதிதாகப் போட்ட பிளம்மர் புளொக்குகள் மூடியிட்டவை. எண்ணெய் வெளியே வராது, தூசி உள்ளே போகாது. ஷாஃப்டின் ஆட்டம் நின்றதும் ஓரத்தில் எப்போதும் தெரிகிற மெல்லிய அலைவரி காணாமல் போனது. அந்த அலையைக் கைக் குற்றம் என்று மாஸ்டர் கடைசிவரை என்னைத் திட்டியிருக்கிறார். குற்றம் பேரிங்கில் இருந்திருக்கிறது.

காற்றாடியையும் பீப்பாவையும் நினைவிலிருந்து திரும்பச் செய்தேன். மெசினை வெள்ளவத்தையில் ஒரு வாடகை அறைக்கு மாற்றி இன்னும் பல வருடம் ஓட்டினேன். ஆனால் வேலை தலைகீழாகிவிட்டது. வார்த்த அடிகள் கழன்று வரும். அவற்றை நியோபிரீன் பசையால் ஒட்ட வேண்டும். பசை பிடிக்க வேண்டுமானால் மேற்பரப்பைக் கரடாக்க வேண்டும். மினுக்குவதற்கென்று பிறந்த மெசினில் நாள் முழுக்கச் சொரசொரப்பு உண்டாக்கிக்கொண்டிருந்தேன். முழங்காலில் நிற்கிற மாப்பிள்ளைகளின் அடியில் இப்போது கொம்பனியின் பெயரும் அளவு இலக்கமும் அச்சில் இருக்கும்.

போன வருடம் காலி வீதியில் பழுது பார்க்கிற ஒரு சின்னக் கடைக்குப் போனேன். புது மெசின், கட்டிலளவு. வேகத்தைக் கூட்டிக் குறைக்கக் குமிழ். தூசி உறிஞ்சி உள்ளேயே பொருத்தியிருக்கிறது. கீழே இழுப்பறை, பின்னால் வடிகட்டிப் பை. மாஸ்டர் பார்த்திருந்தால் அரை நாள் பிரித்துப் பார்த்திருப்பார். மெசினில் நின்ற பிள்ளைக்கு இருபது வயது இருக்கும். தலைமயிரெல்லாம் சாம்பல் நிறமாகத் தேய்த்துக்கொண்டிருந்தான். உறிஞ்சியின் சுவிட்ச் அணைந்திருந்தது. பழுதா என்று கேட்டேன்.

"பழுதில்லை அங்கிள். அதைப் போட்டா ரேடியோ கேக்காது."